வாப்பாவின் மஞ்சள் கற்களும் கல் கடைக்காரரின் அடுப்பும்

கீழக்கரையில் பழைய வீடுகளின் இரும்பு அலமாரியைத் திறந்தால், ஏதாவது ஒரு மூலையில் ஒரு கல் பொட்டணம் இருக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கல்லும் முத்தும்தான் தொழில். கொழும்பு, பேருவளை, இரத்தினபுரி என்று போய்வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். வாப்பாவும் அப்படித்தான். பேருவளைச் சந்தையில் தரகு பார்த்தவர், 83 கலவரத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டார். அவர் மவுத்தான பிறகு பெட்டியைத் திறந்து, பாகம் பிரிப்பதற்காகக் கற்களுக்கு விலை போட வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. தம்பி துபாயில், லாத்தா (அக்கா) சென்னையில் மருமகள் பிரசவத்தோடு. உம்மாவால் வெளியூர் போக முடியாது. அதனால் எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகவே பார்த்தேன். அப்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். இதே மாதிரிப் பெட்டியைத் திறக்கப் போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தவை பெரும்பாலும் மஞ்சள் கற்கள். இளமஞ்சள், தேன் நிறம், கருகிய ஆரஞ்சு என்று பல சாயல். பட்டை தீட்டியவை சில. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழப்பானவை சில. பாறையோடு ஒட்டிய கொத்து ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளைத் தாளில் மடித்து, உள்ளே ஒரு சின்னச் சீட்டு. சீட்டில் வாப்பாவின் கையெழுத்து, அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். எனக்கு அது எழுத்துக் கூட்டித்தான் வரும். உம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சரளமாக வாசித்தார்கள். 'இரத்தினபுரி, வயல் குழி, சுடாதது' என்று சிலவற்றில். 'பிரேசில் சரக்கு, கொழும்பில் வாங்கினது' என்று சிலவற்றில். எல்லாம் கனகபுஷ்பராகம், அதாவது மஞ்சள் சபையர், என்று நாங்கள் சின்ன வயசிலிருந்து நினைத்திருந்தோம். சீட்டில் அந்தப் பெயரே இல்லை என்பதை உம்மாதான் முதலில் கவனித்தார்கள்.

ஊரில் தெரிந்தவர்கள் கைகாட்டியதன் பேரில், வேறு ஊரில் இருக்கும் ஒரு பெரிய கல் கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயர் வேண்டாம். எடை போட்டு விலை சொன்னால் போதும் என்று தெளிவாகத்தான் கேட்டேன். நிறைய இருக்கிறது, ஒரு வாரம் வைத்துவிட்டுப் போம்மா என்றார். ஒரு துண்டுத் தாளில் 'மஞ்சள் கல் ஒரு பை' என்று எழுதிக் கொடுத்தார். திரும்பப் போனபோது அத்தனை பொட்டணமும் பிரிக்கப்பட்டு, கற்கள் எல்லாம் ஒரே தட்டில் கொட்டிக் கிடந்தன. சீட்டுகளைக் கேட்டேன். குப்பையோடு போயிருக்கும் என்றார். அதுகூடப் பரவாயில்லை என்று சொல்லும்படியாக அடுத்தது வந்தது. கூழாங்கல் மாதிரி இருந்த பெரிய இளமஞ்சள் கல்லைக் கையில் எடுத்தேன். நிறமே இல்லை. ஏறக்குறைய கண்ணாடி.

"ரொம்ப வெளுப்பா இருந்திச்சும்மா, சூடு காட்டினா நல்ல பொன் நிறம் ஏறும்னு செஞ்சேன். ஏறல" என்றார். அதற்குச் 'சுத்தம் பண்ணின கூலி' என்று 4,500 ரூபாய் வேறு கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் சாதாரணக் கல், மொத்தத்துக்கும் 12,000 தருகிறேன் என்றார். கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ராமநாதபுரம் வரும்வரை கை நடுங்கியது. வாப்பா நாற்பது வருஷம் அப்படியே வைத்திருந்த ஒன்றை ஒருவர் கேட்காமல் அடுப்பில் வைத்தார் என்ற கோபம் ஒரு பக்கம். உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். அந்தச் சீட்டுகள் போனதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. அவர் கையெழுத்தில் வீட்டில் இருந்தவையே அவ்வளவுதான்.

அப்புறம் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். ஒரு கல்லுக்கு ஆயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள். ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் பெயர்பெற்ற கூடங்கள் இருக்கின்றன, ஆனால் அவ்வளவு தூரம் போக என்னால் ஆகவில்லை. முடிவு வந்தது: ஒன்றுகூடப் புஷ்பராகம் இல்லை. அத்தனையும் குவார்ட்ஸ், அதாவது சிட்ரின். வீட்டில் எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. மஞ்சள் சபையருக்கும் சிட்ரினுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனக்கும் முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த பெண் எனக்காக நேரம் ஒதுக்கி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். அன்றைக்குத்தான் சிட்ரின் என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது.

இராமேஸ்வரம் கோயிலில் விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனத்துக்குக் கூட்டம் நிற்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஸ்படிகமும் சிட்ரினும் ஒரே பொருள்: சிலிக்கன் டை ஆக்சைடு. கடற்கரை மணலில் பெரும்பகுதியும் அதேதான். சுத்தமாக இருந்தால் நிறமற்ற ஸ்படிகம், ஊதாவாக இருந்தால் அமெதிஸ்ட், புகை நிறமானால் ஸ்மோக்கி குவார்ட்ஸ், மஞ்சளானால் சிட்ரின். கடினத்தன்மை 7, அடர்த்தி 2.65. இவை எல்லாவற்றுக்கும் பொது. வித்தியாசம் உள்ளே கலந்திருக்கும் மிகச் சிறிய அளவு இரும்பும் அலுமினியமும், பூமிக்குள் அது பட்ட சூடும் கதிர்வீச்சும்தான்.

இங்கேதான் என் கல்லின் கதை இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சந்தையில் சிட்ரின் என்று விற்கிறவற்றில் பெரும்பகுதி பிறவியிலேயே மஞ்சள் இல்லை. தெற்கு பிரேசிலில் ரியோ கிராண்டி டோ சுல் என்ற மாநிலத்திலும், அதை ஒட்டிய உருகுவேயிலும், எரிமலைப் பாறைக் குழிகளுக்குள் ஊதா நிற அமெதிஸ்ட் ஏராளமாகக் கிடைக்கிறது. அதை 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், உள்ளே இருக்கும் இரும்பின் நிலை மாறி, ஊதா போய் மஞ்சளும் ஆரஞ்சும் வந்துவிடும். இந்த வித்தையைப் பெரிய அளவில் பரப்பியவர்கள் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரைச் சேர்ந்த கல் தீட்டுகிறவர்கள். சொந்த ஊரில் கல் தீர்ந்துபோய், 19ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டி பிரேசிலுக்குப் போனவர்கள். அதைப் படித்தபோது எங்கள் ஊர்க்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஆனால் இயற்கையாகவே மஞ்சளாகப் பிறந்த சிட்ரின்கள் பலவற்றுக்கு நிறம் வேறு வழியில் வருகிறது. அலுமினியம் கலந்த குவார்ட்ஸ் மீது, சுற்றியுள்ள பாறையின் மெல்லிய இயற்கைக் கதிர்வீச்சு லட்சக்கணக்கான ஆண்டுகள் பட்டு, அதனால் உண்டாகும் நிறம் அது. அந்த நிறத்துக்குச் சூடு ஆகாது. அமெதிஸ்டுக்கு வேண்டிய அளவு சூடுகூடத் தேவையில்லை, அதற்கு முன்னாலேயே வெளுத்துவிடும். அதாவது ஒரே அடுப்பு ஊதாக் கல்லுக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுக்கிறது, இயற்கையான மஞ்சள் கல்லின் நிறத்தைப் பறித்துக்கொள்கிறது. இலங்கை சபையரைச் சூடுகாட்டி நிறமேற்றுவது காலங்காலமாக நடக்கிற தொழில் என்பதால், அந்தப் பழக்கத்தில் பல கடைக்காரர்கள் எந்த மஞ்சள் கல்லையும் அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். என் கையில் இருந்தது 'சுடாதது' என்று வாப்பா எழுதிவைத்த இரத்தினபுரிக் கல். இனி அதைக் கதிர்வீச்சில் வைத்து மறுபடி நிறமேற்ற முடியும் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் அப்போது அது மனிதன் போட்ட நிறம். சேகரிப்பவர்கள் அதைச் சீந்த மாட்டார்கள்.

ஆகவே, உங்கள் கையில் மஞ்சள் கல் இருந்தால், அது என்னவென்று தெரிகிறவரை யாரும் தீயில் காட்டக்கூடாது, கத்தியால் கீறிப் பார்க்கக்கூடாது, சாணை பிடிக்கக்கூடாது. லைட்டர் சுடரில் பிடித்து 'ஒரிஜினல்' என்று நிரூபித்துக் காட்டுகிற கடைக்காரர்களும் உண்டு. குவார்ட்ஸை திடீரென்று சூடாக்கினால் உள்ளுக்குள்ளே விரிசல் விழும். அது எதையும் நிரூபிக்காது. பரிசோதனைக் கூடம் கல்லைச் சேதப்படுத்தாமலேயே ஒளிவிலகல் எண்ணைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடும். குவார்ட்ஸுக்கு அது 1.544 முதல் 1.553 வரை, சபையருக்கு 1.76 அளவில். ஆனால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: சிட்ரின் என்று உறுதியாகச் சொல்லும் அதே கூடம், அது பிறவி மஞ்சளா, சுட்ட அமெதிஸ்டா என்பதை எல்லாக் கல்லிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கேதான் எங்கிருந்து வந்தது, யார் எப்போது வாங்கினார்கள் என்று எழுதிய சீட்டுக்கு மதிப்பு. என் சீட்டுகள் போனதன் முழு அர்த்தமும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. சென்னையில் கனிமங்கள் சேகரிக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். வெளுத்துப்போன கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிறத்தோடும் சீட்டோடும் இருந்திருந்தால் இந்த ஒன்றுக்கே 18,000 கொடுத்திருப்பேன்மா" என்றார். இப்போது அதற்கு ஐந்நூறுகூடப் பெறாது. கூலி, பரிசோதனைக் கட்டணம், பயணம், அங்கே தங்கின செலவு எல்லாம் சேர்த்தால் நாற்பதாயிரத்தை ஒட்டி எனக்குப் போனது.

அந்தப் பெரியவர் வீட்டில்தான் எனக்கு இந்தக் கல் மீது பிரியம் வந்தது என்று சொல்ல வேண்டும். அதுவரை பாகம், விலை, நஷ்டம் என்றே ஓடிக்கொண்டிருந்த மனசு, அவர் அலமாரியைத் திறந்ததும் நின்றுவிட்டது. காங்கோவிலிருந்து வந்த ஒரு படிகம், விரல் நீளம், ஆறு பக்கமும் கோடு போட்டது மாதிரி, அடிமுதல் நுனிவரை ஒரே சீரான புகை கலந்த மஞ்சள். மடகாஸ்கர், ஜாம்பியா, ஸ்பெயினின் சாலமங்கா, ரஷ்யாவின் உரால் மலை என்று ஒவ்வொரு ஊர்க் கல்லுக்கும் ஒரு சாயல். பொலிவியாவின் அனஹி சுரங்கத்திலிருந்து வரும் அமெட்ரின் ஒன்றும் வைத்திருந்தார்; ஒரே படிகத்தில் ஒரு பகுதி ஊதா, ஒரு பகுதி மஞ்சள். சுடாமலேயே பூமி செய்த வேலை அது. எனக்கு அதைக் கீழே வைக்க மனசே வரவில்லை. வைரமும் மாணிக்கமும் பெரிதாகப் பெரிதாக ஒரு கேரட்டின் விலையே எங்கேயோ போய்விடும். சிட்ரின் அப்படி ஏறாது, அதனால் நம்மைப் போன்றவர்களும் கண்ணுக்கு நிறைவான ஒரு பெரிய கல்லை வாங்க முடியும். 1930களில் மேல்நாட்டு நகைகளில் பெரிய பெரிய சிட்ரின்கள் புகழ்பெற்றதற்கும் இது ஒரு காரணம். நவம்பர் மாதப் பிறப்புக் கல் என்று டோபாஸ் என்ற இன்னொரு கல்லோடு இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள், அதனாலும் தேடுகிறவர்கள் உண்டு. பணத்தை ஈர்க்கும் கல் என்று சிலர் கையில் மணியாகக் கட்டுகிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கைக்காக ஒரு கடைக்காரர் விலையைக் கூட்டினால், கல்லுக்கு உரிய விலையைத் தனியாகக் கேளுங்கள்.

சுட்ட கல்லைக் குறைசொல்லவில்லை. சுட்டது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது நேர்மையான சரக்கு. அந்த நிறமும் நிலையானது. எங்கள் பெட்டியில் இருந்த கொத்து அப்படிப்பட்டதுதான். பார்த்தாலே தெரிகிற அடையாளம் உண்டு: அடிப்பகுதி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, குட்டைக் குட்டை முனைகள், நுனியில் மட்டும் கருகிய ஆரஞ்சு. அமெதிஸ்ட் கொத்தின் உருவம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறியிருக்கும். பிறவி சிட்ரின் பெரும்பாலும் நீளமான தனிப் படிகமாக, வெளிர் மஞ்சளாக, நிறம் பரவலாக இருக்கும். இலங்கைச் சரளையில் கிடைப்பவை தண்ணீரில் உருண்டு முனை மழுங்கியிருக்கும். 'பிறவி சிட்ரின் கொத்து' என்று ஆரஞ்சு நுனியைக் காட்டி யாராவது பெரிய விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

இப்போது தெரிந்தவர்கள் பொட்டணத்தோடு வீட்டுக்கு வந்தால், நான் முதலில் செய்வது எடைதான். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கல்லைக் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் காய்ந்த எடையை வகுத்தால் அடர்த்தி. 10.60 கிராம் கல்லுக்குத் தண்ணீரில் 4.00 காட்டினால் 2.65, குவார்ட்ஸ். டோபாஸ் என்றால் 3.5 அளவிலும், மஞ்சள் சபையர் என்றால் 4 அளவிலும் வரும். கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், விரலால் தடவிவிடுங்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை வைத்துப் பார்த்தாலும் தப்பும். கேன் தண்ணீர் எடுங்கள். கண்ணாடியின் அடர்த்தி சில சமயம் குவார்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உருண்டையான குமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் வெள்ளைத் திரையைத் திறந்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை இருட்டாகும்வரை சுழற்றி, நடுவில் கல்லைப் பிடித்துத் திருப்பினால், குவார்ட்ஸ் வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறித் தெரியும். கண்ணாடி பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். ஒரு பக்கம் மாறவில்லை என்றால் வேறு பக்கமாகத் திருப்பியும் பாருங்கள். இதில் எதுவும் கூடத்தின் சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனால் எந்தக் கல்லுக்குக் கட்டணம் கட்டுவது என்று தேர்ந்தெடுக்க உதவும். எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால், கொத்துக்கும் சில்லறைக் கற்களுக்கும் கட்டின பணம் மிச்சம்.

கடற்கரை வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. உப்புக் காற்று குவார்ட்ஸை ஒன்றும் செய்யாது. அது தின்பது தாளையும், இரும்புப் பெட்டியையும், மையையும்தான். அதனால் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், சீட்டைத் தனி உறையில் போடுங்கள், பென்சிலால் எழுதுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீடெல்லாம் மெல்லிய மணல் படியும். அந்த மணலும் குவார்ட்ஸ், கல்லும் குவார்ட்ஸ். காய்ந்த துணியால் தேய்த்துத் துடைத்தால் பட்டை தீட்டிய முகங்கள் நாளடைவில் மங்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள். சுடாத வெளிர் கற்களை வெயில் விழும் ஜன்னலில் வைக்க வேண்டாம். இன்னொன்றையும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்: சேகரிக்கிற ஆசையில் கரையிலிருந்து பவளப்பாறைத் துண்டுகளை எடுத்து வந்துவிடக்கூடாது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, வைத்திருப்பதே குற்றம்.

பாகம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். எதையும் விற்கவில்லை. மொத்தத்தின் மதிப்பை அந்தப் பெரியவரையும் இன்னொருவரையும் வைத்து எழுதி வாங்கி, பங்குக்கணக்குப்படி அந்தத் தொகையைப் பிரித்தோம். கற்களை நான் எடுத்துக்கொண்டு, என் பங்கிலிருந்து மற்றவர்களுக்குச் சேர வேண்டியதை ஈடுகட்டினேன். வெளுத்த கல்லை உம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சீட்டுகளில் இருந்ததில் ஞாபகம் உள்ளவற்றை உம்மா சொல்லச் சொல்ல, இது ஞாபகத்திலிருந்து எழுதியது என்ற குறிப்போடு, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். சேகரிப்பவர்களிடம் அதற்கு முழு மதிப்புக் கிடைக்காது, ஆனால் எதுவும் இல்லாததற்கு மேல்.

வீட்டை விட்டு ஒரு கல் வெளியே போவதற்கு முன் இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு பொட்டணத்தையும் சீட்டும் கல்லும் ஒன்றாகத் தெரிகிற மாதிரிப் போட்டோ, பக்கத்தில் ஒரு ஸ்கேல். தராசில் எண் தெரிகிற இன்னொரு போட்டோ. முடிந்தவரை கண்முன்னாலேயே பார்த்துத் திருப்பி வாங்கிவிடுவேன். வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றால், கடைக்காரரின் முத்திரையோடு இந்த வரிகளை எழுதி வாங்காமல் நகர மாட்டேன்: "பட்டியலில் கண்ட எண்ணும் எடையும் உள்ள கற்களைப் பார்வைக்கும் எடைக்கும் மட்டும் பெற்றுக்கொண்டேன். உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சூடாக்குதல், கீறுதல், அமிலத்தில் போடுதல், பட்டை தீட்டுதல் எதுவும் செய்ய மாட்டேன். ஒவ்வொரு கல்லையும் அதன் சீட்டோடு தனித்தனியாகத் திருப்பித் தருவேன். திருப்பித் தரும் தேதி, கையொப்பம்."